நான் எடுத்துக் கொடுத்த வரி

கண்ணு,

நீ அனுப்பிய பக்கத்தை இந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறதென்று ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்துவந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். நிங்போவில் உன்னோடு வேலை பார்க்கிற சீனாக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நீ இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாய், அவர்கள் சேர்ந்து இங்கிலீஷில் நாடகம் போடுகிறார்கள், அவர்களுக்காக நாடகச் சொற்களுக்கு ஒரு சின்னப் புத்தகம் எழுதுகிறாய் என்பதெல்லாம் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் ‘ப்ராம்ப்டர்’ என்ற சொல்லுக்குக் கீழே என்னையே உதாரணமாக நிறுத்தி வைத்திருப்பாய் என்று நினைக்கவில்லை. மேடையில் நடிப்பவர் வசனத்தை மறந்துவிட்டால், பார்ப்பவர்கள் கண்ணில் படாமல் ஓரமாக நின்று அடுத்த வரியை மெல்ல எடுத்துக் கொடுப்பவர் என்று அர்த்தம் எழுதிவிட்டு, ‘என் முதல் ப்ராம்ப்டர் என் அம்மா’ என்று வாக்கியம் அமைத்திருக்கிறாய். பக்கத்தில் போடுவதற்கு என் போட்டோ வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புங்கள் என்கிறாய். நான் போட்டோ அனுப்பப் போவதில்லை, கண்ணு. அந்த வாக்கியத்தையும் எடுத்துவிடு. காரணத்தைப் போனில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. உன் குரலைக் கேட்டால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுதி, இன்று ராத்திரியே உனக்குப் போனில் அனுப்புகிறேன். இதை நீ மட்டும் படித்தாலும் சரி, உன் வகுப்பில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினாலும் சரி. நாளைக்குப் பிறகு இதில் மறைக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

அந்தச் சொல்லை வைத்து உன் வகுப்பில் நடந்த கூத்தை நீ போனில் சொன்னபோது நான் எவ்வளவு சிரித்தேன். ஒருவர் அதை வசனம் எழுதுகிறவர் என்று நினைத்தார், இன்னொரு பெண் செய்தி வாசிப்பவர்களுக்கு முன்னால் ஓடுகிற திரை என்று நினைத்தாள், ஒரு சின்னப் பையன் கம்ப்யூட்டருக்கு நாம் தட்டுகிற கேள்வி என்றே சாதித்தான் என்றாய். சீனத்தில் இந்த வேலைக்கு இரண்டே எழுத்து, ஒன்றுக்கு எடுத்துக் கொடு என்று அர்த்தம், இன்னொன்றுக்கு வார்த்தை என்று அர்த்தம் என்றாய். நம் ஊரில் அடியெடுத்துக் கொடுப்பது என்கிறோமே, அப்படியே இருக்கிறதே என்று நான் வாயைப் பிளந்தேன். அப்புறம் உன் வகுப்புக்கு வருகிற அந்த ஜிப் கம்பெனிக்காரர் கேட்டாராம், இது புகழ்கிற சொல்லா, இகழ்கிற சொல்லா என்று. அவர்கள் எந்தப் புதுச் சொல்லைக் கற்றாலும் முதலில் இதைத்தான் தெரிந்துகொள்வார்கள், இல்லையென்றால் தப்பான இடத்தில் பயன்படுத்திவிடுவோமோ என்று பயம் என்றாய். நீ அவருக்கு, இங்கிலீஷில் இரண்டும் இல்லை, ஆனால் என்னைப் பொறுத்தவரை இது புகழ்ச்சிதான், ஏனென்றால் என் அம்மா அப்படி ஒருத்தி என்று பதில் சொன்னாயாம். நான் சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். வைத்த பிறகு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

நீ நினைத்துக்கொண்டிருப்பது ஒன்பதாம் வகுப்பில் உன் பள்ளி ஆண்டுவிழாவில் நடந்தது. டெங்குவைப் பற்றி ஒரு இங்கிலீஷ் நாடகம், நீ டாக்டர். பக்கத்து வீட்டு லேப் டெக்னீஷியனிடம் வாங்கிய வெள்ளைக் கோட்டு உனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்த்தாய், அவ்வளவுதான், அதற்கப்புறம் உனக்கு ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். உங்களுக்கு ஒத்திகை நடத்தியது நான்தான் என்பதால் நீலத் திரைக்குப் பின்னால் வசனப் பேப்பரோடு நின்றிருந்தேன். முதல் இரண்டு வார்த்தையை மூச்சுக் காற்றில் விட்டேன். நீ பிடித்துக்கொண்டாய், மீதி பத்து வரியையும் மூச்சுவிடாமல் சொன்னாய், கைதட்டல் வந்தது. இறங்கி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “நீங்க இல்லீனா செத்திருப்பேம்மா” என்றாய். அன்றைக்கு என் தொண்டை கட்டியிருந்ததை நீ கவனித்தாய், நாடக ஒத்திகையில் கத்திக் கத்திக் கட்டியிருக்கும் என்று நினைத்தாய். நானும் ஆமாம் என்றேன். அன்று காலை பதினொரு மணிக்கு அந்தத் தொண்டை வேறொரு மறைப்புக்குப் பின்னால் வேறொரு வேலை செய்துவிட்டுத்தான் உன்னிடம் வந்தது.

நான் பனியன் கம்பெனியில் வெல்ஃபேர் ஆபீசராக இருந்தேன் என்பது உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டபோதெல்லாம், “பொம்பளைங்க கொறையக் கேக்கற வேலை கண்ணு” என்று சொல்வேன். அது பாதி. மீதிப் பாதி, எங்களிடம் சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையர், தொழிலாளர்களை எப்படி நடத்துகிறோம் என்று பார்க்க அனுப்புகிற ஆடிட்டுக்கு ஆட்களைத் தயார் செய்வது. ஆடிட் வருகிறது என்று தெரிந்தால் கம்பெனியே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடும். முதலுதவிப் பெட்டியில் மருந்து வந்து உட்காரும், தீ அணைக்கிற சிலிண்டருக்கு முன்னால் அடுக்கியிருந்த அட்டைப்பெட்டிகள் மாயமாகும், மாஸ்க் போட்டால் மூச்சு முட்டுகிறது என்று டைலர்கள் சண்டை போடுவார்கள். அதற்கு மூன்று நாள் முன்பாக மாக் ஆடிட் என்று ஒரு ஒத்திகை நடக்கும். நான் கையில் ஃபைலோடு ஆடிட்டர் வேஷம் கட்டுவேன். லைன் லைனாகப் போய், எத்தனை மணி நேரம் வேலை, யாராவது திட்டுகிறார்களா, கஷ்டம் வந்தால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்பேன். தப்பாகச் சொன்னால் திருத்துவேன். காலேஜில் நாடகம் போட்டவள் அல்லவா, எனக்கு அது பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்பவே பிடித்திருந்தது. நான் கேட்கிறபோது நூறு பேர் ஒரே மாதிரி பதில் சொல்வதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருக்கும். திருப்பூரில் இது எங்கள் கம்பெனியில் மட்டும் நடந்தது என்று சொன்னால் சாமி கண்ணைக் குத்தும், ஆனால் எங்கள் கம்பெனியில் அதைச் செய்தது நான்.

அமுதா மூன்றாவது தையல் லைனில் ஓவர்லாக் டைலர். தேனிப் பக்கத்திலிருந்து வந்தவள், முப்பது வயதிருக்கும், வேலையில் கெட்டிக்காரி. அந்த லைனுக்குச் சூப்பர்வைசர் தனபால். ஆடிட்டுக்கு நான்கு நாள் இருக்கும்போது காலை டீ நேரத்தில் அமுதா என் ரூமுக்கு வந்தாள். கையில் ஒரு பண்டல் கார்டு, வெட்டிய துணிக் கட்டோடு வருகிற அந்த அட்டை. அதன் பின்பக்கம் முழுக்கப் பொடி எழுத்தில் எழுதியிருந்தாள். தையலைப் பார்க்கிற சாக்கில் அவன் பின்னால் வந்து குனிவது, தோளில் கை வைப்பது, நகர்ந்தால் அவள் பீஸையெல்லாம் ரிஜெக்ட் என்று தூக்கி எறிவது, சரக்கு லிஃப்டில் கையைப் பிடித்து இழுத்தது, எல்லாம் இருந்தது. “வாயால சொல்ல எனக்கு வரலக்கா, அதான் எழுதிட்டு வந்தேன்” என்றாள். புகார் விசாரிக்கிற கமிட்டிக்கு நான்தான் தலைவி. அட்டையை வாங்கி டிராயரில் வைத்துப் பூட்டினேன், “நான் பாத்துக்கறேன் கண்ணு, நீ போ” என்றேன். அவள் முகம் தெளிந்து போனதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. பாரம் இறங்கியது என்று நினைத்துப் போனாள் பாவம்.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை, கண்ணு, அதுதான் கஷ்டம். தலையில் கை வைத்துக்கொண்டு, “ஏனுங் மேடம், இந்த நேரத்துலயாங்க? பையர் கைய உதறிட்டுப் போயிட்டா நாலு லைனுக்கும் வேலை இல்லீங்களே. ஆடிட் முடியட்டுங்க, அந்தாளக் கூப்பிட்டு நானே ரண்டு அறை விடறனுங்க” என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. நாலு லைனுக்கும் வேலை போய்விடுமே என்று நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன். அதோடு, ஆடிட்டர் யாரை வேண்டுமானாலும் தனியாகக் கூப்பிட்டுப் பேசலாம் என்பதால், அமுதாவைக் கூப்பிட்டுவிட்டால் என்ன செய்வது என்று முதலாளி கேட்டார். “அத எங்கிட்ட விடுங்க” என்றேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. நானாகச் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அமுதாவை உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். “கம்பெனில எந்தப் பிரச்சினையும் இல்லீங்க. ஏதாச்சும் இருந்தா மேடத்துகிட்டச் சொல்லுவேனுங்க. உடனே பாப்பாங்க.” இதுதான் வரி. அவள் தேனிப் பேச்சில் ‘இல்லக்கா’ என்றே வந்தது. ‘இல்லீங்க’ என்று சொல்லு, மரியாதையாக இருக்கும் என்று திருத்தினேன். அவள் நான்கு தடவை சொல்லிப் பார்த்தாள். “பொய் சொன்னா எனக்கு நாக்கு பொரளும்க்கா. நடுவுல நின்னு போச்சுன்னா?” என்று கேட்டாள். “நின்னா பயப்படாத. பக்கத்து ஸ்டோர்லதான் நான் இருப்பேன். நான் இருமுவேன். இருமினதும் அடுத்த வரிக்குப் போயிரு. இப்போதைக்கு இதச் சொல்லீரு கண்ணு, ஆடிட் முடிஞ்சதும் உன் விசயத்த நான் எடுக்கறேன்” என்றேன். தொட்டுப் பேசினேன். தலையைக் கோதிக்கூட விட்டேன். அவள் என்னை நம்பினாள், என் வேலையே நம்ப வைப்பதுதானே.

ஆடிட்டர் சின்ன வயதுப் பெண். தனியாகப் பேச வேண்டும், மேனேஜ்மென்ட் ஆட்கள் யாரும் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று கறாராகச் சொன்னாள். சாம்பிள் ரூமைக் கொடுத்தோம். அந்த ரூமுக்கும் நூல், பட்டன், லேபிள் வைக்கிற ஸ்டோருக்கும் நடுவில் ஒரு ப்ளைவுட் தடுப்புத்தான், கூரை வரைக்கும் போகாது. நான் நூல் கோன்களுக்கு நடுவில் ஸ்டாக் பார்க்கிற மாதிரி நின்றேன். ஐந்தாவது ஆளாக அமுதாவைக் கூப்பிட்டாள். வேலை நேரம், விடுமுறை எல்லாம் சரியாகச் சொன்னாள். பிறகு அந்தப் பெண் குரலைத் தணித்து, “உங்ககிட்ட யாராவது தப்பா நடந்துக்கறாங்களா? பயப்படாமச் சொல்லுங்க, உங்க பேர் வெளிய வராது” என்று கேட்டாள். அமுதா பேசவில்லை. அவள் வரியை மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் அது மறந்தவளின் மௌனம் இல்லை. உன் நாடகத்தில் நீ மறந்து நின்றபோது உன் கண் அலைந்தது, கால் ஆடியது. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு அவள் முகம் தெரியவில்லை, ஆனாலும் அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது கேட்டது. “வந்து...” என்று ஆரம்பித்தாள். நான் இருமினேன். மறுபடி, “வந்து, எங்க சூப்பர்...” என்றாள். நான் இன்னும் பலமாக, தொண்டை கிழிய இருமினேன். அப்புறம் அமுதாவின் குரல் வந்தது, “கம்பெனில எந்தப் பிரச்சினையும் இல்லீங்க” என்று. தேனிப் பெண்ணின் வாயில் என்னுடைய ‘இல்லீங்க’. ஆடிட்டர் அதை எழுதிக்கொண்டாள்.

சாயங்காலம் உன் பள்ளிக்கு வந்து நீலத் திரைக்குப் பின்னால் நின்றபோது, கண்ணு, நான் குற்ற உணர்ச்சியோடு நிற்கவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். காலையில் ஒரு வேலை நல்லபடியாக முடிந்தது என்ற திருப்தியில்தான் நின்றேன். வெட்கம் அப்புறம்தான் வந்தது, அதுவும் ரொம்ப மெதுவாக.

ஆடிட் பாஸ். அடுத்த வாரம் முதலாளியிடம் அமுதா விஷயத்தை எடுத்தேன். “நல்லபடியா முடிஞ்சுதல்லங்க, இப்ப எதுக்குங்க அதப் போயிக் கிளறிக்கிட்டு? அந்தாளச் சத்தம் போட்டாச்சுங்க” என்றார். இரண்டாவது தடவை நான் கேட்கவில்லை. தனபால் அமுதாவை அயர்னிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஆவி அடிக்கிற இடத்துக்கு மாற்றினான். பத்து நாளில் அவள் நின்றுவிடுகிறேன் என்று வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ராஜினாமாக் கடிதம் எழுதத் தெரியாது என்றாள், நானே எழுதினேன். இடுப்பு வலி காரணமாக என்று எழுதினேன். அதிலும் அவள் கையெழுத்து மட்டும்தான் அவளுடையது. அவள் போன பிறகு டிராயரைத் திறந்து அந்த பண்டல் கார்டை எடுத்தேன். கிழிக்கக்கூட இல்லை. கட்டிங் வேஸ்ட் மூட்டையில் துணித் துண்டுகளோடு போட்டு அனுப்பிவிட்டேன்.

உன் அப்பா இருந்தவரைக்கும் என்னைக் கேலி செய்வார், “உங்கம்மா பேசற வரைக்கும் நாம வாயத் தொறக்கத் தேவையில்ல கண்ணு” என்று. நீயும் சிரிப்பாய். பத்தாவது முடித்ததும் உன் பெரியப்பா, “என்ன படிக்கப் போறீங்க கண்ணு?” என்று உன்னைக் கேட்டபோது நீ வாயைத் திறப்பதற்குள் “டெக்ஸ்டைல்” என்று நான் சொன்னேன். நீ என்ன சொல்ல வந்தாய் என்று இன்றுவரை நான் உன்னிடம் கேட்டதில்லை. உனக்கு உதவி செய்கிறேன் என்றே நினைத்தேன். அமுதாவுக்கும் அப்படித்தான் நினைத்தேன், கொஞ்ச நேரமாவது. அதனால் உனக்கு ஒன்று சொல்கிறேன், அம்மா சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே, தப்பு செய்தவள் சொல்வதாக எடுத்துக்கொள். உன் வகுப்பில் யாராவது வார்த்தை வராமல் நின்றால் அவசரப்பட்டு எடுத்துக் கொடுக்காதே. நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து, ஏதோ சொல்ல ஆரம்பித்துத் தயங்கினால், நீ முடித்து வைக்காதே. காத்திருப்பதற்குத் தெம்பு வேண்டும். எனக்கு அது இருந்ததில்லை.

நீ எழுதிய பக்கத்தில் சரியான வாக்கியம், தப்பான வாக்கியம் என்று இரண்டு போட்டிருக்கிறாய். ‘ப்ராம்ப்டர் நடிகருக்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தார்’ என்பது தப்பு. ‘ப்ராம்ப்டர் நடிகருக்கு அவருடைய வரியை எடுத்துக் கொடுத்தார்’ என்பது சரி. ‘அவருடைய’ என்பதற்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு, இவர் புதிதாக எதையும் சொல்லக் கூடாது, நடிகருக்கு ஏற்கெனவே தெரிந்ததை மட்டும்தான் நினைவுபடுத்தலாம் என்று குறிப்பு எழுதியிருக்கிறாய். அந்த இடத்தில்தான் பேப்பரைக் கீழே வைத்தேன். அமுதாவின் வரி எது என்று எனக்குத் தெரியும். அவள் கையால் எழுதி என் டிராயரில் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்திருந்தால் நீ சொல்கிற ப்ராம்ப்டர் நான். நான் செய்ததற்கு உன் புத்தகத்தில் சொல் இல்லை. அந்த ஜிப் கம்பெனிக்காரர் கேட்டால், அந்தச் சொல் நல்ல சொல்தான், உதாரணம்தான் தப்பு என்று சொல்லிவிடு.

இப்போது இதை ஏன் கிளறுகிறேன் என்று கேட்பாய். நான் கம்பெனியிலிருந்து நின்று இரண்டு வருஷம் ஆகிறது, உனக்குத் தெரியும். தனபால் இன்னும் அங்கேதான் இருக்கிறான், இப்போது ப்ரொடக்‌ஷன் மேனேஜர். போன மாதம் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் அவன்மேல் புகார் கொடுத்திருக்கிறாள். இந்தத் தடவை வெளியிலிருந்து ஒரு வக்கீலம்மாவும் விசாரணையில் உட்காருகிறார். பத்து நாளைக்கு முன்னால் கம்பெனி ஹெச்ஆர் எனக்குப் போன் பண்ணினார். “ஒரு பத்து நிமிசம் வந்துட்டுப் போனாப் போதுங் மேடம். நீங்க இருந்த காலத்துல அவர் மேல ஒரு புகாரும் வந்ததில்லைன்னு ஒரே ஒரு வரிங்க. டைப் பண்ணி வெச்சிருக்கறமுங்க. பழைய ஆடிட் ரிப்போர்ட்லயும் அந்த லைன் பொம்பளைங்க பிரச்சினையே இல்லைன்னுதானுங்களே சொல்லியிருக்கறாங்க” என்றார். அமுதா சொன்ன அந்த ‘இல்லீங்க’ இத்தனை வருஷமாக ஃபைலில் பத்திரமாக இருந்திருக்கிறது, இன்னொரு பெண்ணின் வாயை அடைப்பதற்கு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சரிங்க, வர்றனுங்க” என்றேன். யோசிக்கவே இல்லை, பழக்கம். மூன்றாம் நாள் நீ எழுதிய அந்தப் பக்கம் வந்தது.

நேற்றுக் காலை பஸ் ஏறிச் சோமனூருக்குப் போனேன். அமுதா அங்கே ஒரு தறிக்குடோனில் வேலை செய்கிறாள் என்று பழைய டைலர் ஒருத்தி சொன்னாள். உள்ளே விசைத்தறிச் சத்தத்தில் பேச முடியவில்லை, வெளியே வந்தாள். தலையில் பஞ்சுத் தூசி. என்னை அடையாளம் கண்டுகொள்ள நேரம் எடுக்கவில்லை. “சொல்லுங்கக்கா” என்றாள், அவ்வளவுதான். எல்லாவற்றையும் சொன்னேன், நாளை மறுநாள் விசாரணை என்பதையும் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன், ஆனால் என் அழுகை அவளுக்கு ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. பண்டல் கார்டை வேஸ்ட் மூட்டையில் போட்டதைச் சொன்னபோதுதான் முகம் மாறியது. “அது உங்க டிராயருலயே கெடக்குதுன்னு இத்தன வருசமும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்க்கா. என்னைக்காச்சும் யாராச்சும் எடுத்துப் பாப்பாங்கன்னு” என்றாள். மன்னித்துவிடு என்றேன். அவள் தலையிலிருந்த பஞ்சுத் தூசியைத் தட்டிவிட்டாள். அப்புறம், “நீங்க இருமாம இருந்திருந்தா நா சொல்லியிருப்பனா, பயந்துக்கிட்டு விட்டுருப்பனா, எனக்கே தெரியலக்கா. எத்தனையோ நாளு யோசிச்சுப் பாத்துட்டேன். அதத் தெரிஞ்சுக்கக்கூட விடாமப் பண்ணிட்டீங்களே” என்றாள்.

விசாரணையில் நான் என்ன சொல்லட்டும், உன் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டேன். பெயரைச் சொல்லுங்கள், கூப்பிட்டால் வருகிறேன் என்றாள். வேறு என்ன சொல்லட்டும் என்று மறுபடியும் கேட்டேன். அவள் என்னை நேராகப் பார்த்தாள். “நா என்ன சொல்லணும்னு அன்னைக்கு நீங்க சொன்னீக. நீங்க என்ன சொல்லணும்னு நா சொல்ல மாட்டேன்க்கா” என்றாள். உள்ளே ஏதோ ஒரு தறி நின்றுவிட்டது போல, யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், போய்விட்டாள்.

விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு. எனக்குப் பயமாக இருக்கிறது, கண்ணு. முதலாளி என் முகத்தில் விழிக்க மாட்டார். உன் பெரியப்பா வீட்டில் இதை வைத்து ஒரு வருஷம் பேசுவார்கள். சாட்சி எங்கே, அட்டை எங்கே என்று தனபாலின் ஆட்கள் கேட்பார்கள், நான்தான் தொலைத்தேன் என்று நான் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். இவையெல்லாவற்றையும்விட, நீ இதைப் படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன நினைப்பாய் என்பதுதான் பெரிய பயம். யாரோ உனக்குப் போன் போட்டுச் சொல்வதற்கு முன்னால் என் வாயாலேயே உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். கோபம் வந்தால் கோபப்படு, சமாதானம் சொல்ல வராதே. ஒரே ஒரு வேண்டுகோள், நாளைக்குப் பத்து மணிக்கு முன்னால் எனக்குப் போன் பண்ணாதே. நீ நல்லவன், ‘தைரியமா இருங்கம்மா, இப்படிச் சொல்லுங்கம்மா’ என்று ஏதாவது எடுத்துக் கொடுப்பாய், நானும் அதையே பிடித்துக்கொண்டு அங்கே போய் அழகாக ஒப்பித்துவிட்டு வந்துவிடுவேன். திக்கினாலும் பரவாயில்லை, நடுவில் நின்றுபோனாலும் பரவாயில்லை, நாளைக்கு நானே பேசிவிட்டு வருகிறேன்.

அம்மா